ஒன்றே முக்கால் மணி நேர மரணம்

காதர் பாய் அழுத அழுகையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அழ வேண்டிய இடத்தில் அழுதார். மூக்கைச் சிந்த வேண்டிய இடத்தில் சிந்தினார். நடுவில் ஒரு தடவை தொண்டை அடைத்தது; கூஜாத் தண்ணீரை இரண்டு மிடறு குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டார். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்து வீட்டின் கூடத்தில் எல்லோர் கண்ணும் கலங்கியிருந்தது. சுவரில் சாய்ந்து நின்ற மாசிலாமணிக்கு மட்டும் ஏனோ ஒரு சொட்டு வரவில்லை.

மாசிலாமணி பட்டினப்பாக்கத்துக் குப்பத்துக்காரன். கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுப்பான் என்ற ஒரே காரணத்தால், முப்பது வயதில் துப்பறியும் நிபுணர் கங்காதரனிடம் உதவியாளராகச் சேர்ந்தவன். கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறான். நிஜமான சாவுச் செய்தி கொண்டுவருகிறவன் திக்கித் திணறி நாலு வார்த்தை சொல்வான், அவ்வளவுதான். இவ்வளவு கோர்வையாக ஒருவன் சொல்லி அவன் கேட்டதில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க பாய்," என்றார் கங்காதரன், பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு. "இந்தத் தடவை மணிக்கணக்கோட சொல்லுங்க."

"போன வருஷம் ஜனவரிங்க. ஆப்பிரிக்காவுல, அக்ராங்கற ஊர்ல பாஷா பாய்க்குக் காய்ச்சல். மூணு நாளா எறங்கல. லாகோஸ்ல கெட்டிக்கார டாக்டர் இருக்காருன்னாங்க. ரோட்டுல போனா ஆறும் காயலும் தாண்டி ரெண்டு மூணு நாளாவும். ஏரோப்ளேன்ல இருநூத்தம்பது மைல். ஒண்ணே முக்கால் மணி நேரம் பறந்தோம். அக்ராவுல கெளம்பறப்ப மணி மூணு. லாகோஸ்ல எறங்கறப்ப மணி அஞ்சே முக்கால்."

கங்காதரனின் பென்சில் நின்றது. மீசை லேசாகத் துடித்தது.

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரி கடலோரமா. வாசல்ல எறக்கினதும், 'மக்ரிப் தொழுகைக்கு நேரமாச்சு காதர், என்னைப் புடிச்சுக்க'ன்னாரு. கடலுக்கு முதுகு காட்டி நின்னோம். அவர் முன்னால, நான் பின்னால. சூரியன் விழுந்த செவப்பு நேரா எங்க மூஞ்சியில அடிக்குது. கடைசி சஜ்தாவுக்குத் தலையைத் தரையில வெச்சாரு." காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். "எடுக்கவே இல்லீங்க."

உள்ளேயிருந்து யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் கப்பலில் வரும்போது பெட்டியோடு நனைந்து கரைந்துவிட்டதாம். மிஞ்சியது ஒரு தொப்பியும், பாஷாவுக்கு மனைவி சகினா எழுதிய மூன்று கடிதங்களும். அவை இரண்டும் மெஹபூப் பாஷாவுடையவைதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சென்னையில் நெய்கிற கட்டம் போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்காவில் கல்யாணம், காட்சி எல்லாவற்றுக்கும் வேண்டியதாக இருந்தது. அந்தத் துணிக்கு மாதிரித் துண்டுகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டாக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் கப்பலேறியவர் மெஹபூப் பாஷா. முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பதினான்கு மாதமாக அதுவும் இல்லை. பத்து நாளைக்கு முன்னால், கூடவே இருந்தவன் என்று சொல்லிக்கொண்டு இந்தக் காதர் பாய் வந்து சேர்ந்தார்.

சகினாவின் அண்ணன் ஷாஹுல் ஹமீது தோல் பெட்டி தைக்கும் தொழில்காரர், நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய அவசரம் அவருக்கும் இருந்தது. மச்சான் இறந்து பதினான்கு மாதம் என்றால், தங்கை மறுமணத்துக்குக் காத்திருக்க வேண்டிய இத்தாக் காலம் அவளுக்குத் தெரியாமலே வந்துபோய்விட்டது. இனி எதற்குக் காத்திருப்பது? நல்ல இடமாகப் பார்த்து, வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ் என்று பேசி முடித்துவிட்டார். இன்று செவ்வாய்.

கிளம்பும்போது, கங்காதரனை வரவழைத்த சகினாவின் குரல் திரைக்கு அந்தப்பக்கம் கேட்டது. சின்னக் குரல்தான், ஆனால் நடுக்கம் இல்லை.

"சார், எனக்கு அழுகை வரல. வரலியேன்னு எல்லாரும் என்னைத்தான் ஒரு மாதிரி பாக்கறாங்க. அவங்க மவுத்தாயிட்டாங்கன்னு நிச்சயமாத் தெரிஞ்சா, ஒரு மூச்சு அழுதுட்டு அண்ணன் சொல்றபடி கேட்டுக்கறேன். அவங்க உசிரோட இருக்கறப்ப நான் இன்னொருத்தரைக் கட்டினா, அது நிக்காஹே இல்ல. அந்தப் பாவம் என் தலையிலதான் விழும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

தெருவுக்கு வந்ததும் மாசிலாமணி சொன்னான்: "சார், அந்தாளு காதுக்குப் பின்னால பாத்தீங்களா? செவப்பா இன்னாவோ பூசிக்கினு கீறாரு."

"வேர்க்குருப் பவுடர்," என்றார் கங்காதரன். "நான் கவனிச்சது வேற. வா, கணக்குப் போடணும்."

கங்காதரனுக்கு இந்த உலகத்தில் பிடித்த விஷயங்கள் இரண்டு. ஒன்று கழித்தல் கணக்கு. மற்றொன்று, தாம் போட்ட கழித்தல் கணக்கு. பனகல் பார்க்குக்கு எதிரே மாடியில் இருந்த ஆபீசுக்கு வந்ததும், அலமாரி மேலிருந்த பூகோள உருண்டையை இறக்கித் தூசி தட்டினார். மாசிலாமணியின் சட்டைக் கையிலிருந்து தொங்கிய நூலை, அவனைக் கேட்காமலே ஒரு முழம் பிய்த்துக்கொண்டார்.

"அக்ராவுல விரலை வை. லாகோஸ் எங்க? இதோ. பிடிச்சுக்கோ."

நூலில் அரை அங்குலம்கூட வரவில்லை. ஒரே கரையோரம்; இரண்டு ஊரும் பக்கத்து வீடு மாதிரி உட்கார்ந்திருந்தன. நூலுக்குக் கீழே ஒரே நீலம்.

"இந்த அரை அங்குலத்துக்குள்ள ஒரு மனுசன் செத்துப் பூட்டாரே சார்!"

"பேசாதே. உருண்டையோட சுற்றளவு இவ்வளவு, உலகத்தோட சுற்றளவு இவ்வளவு..." உதடுகள் முணுமுணுத்தன. "இருநூத்தி ஐம்பது மைல். சரிதான். அந்த மாதிரி விமானம் மணிக்கு நூத்தைம்பது மைல் போகும். ஏறவும் இறங்கவும் கொஞ்சம் நேரம் சேர்த்துக்கோ. ஒண்ணே முக்கால் மணி. அதுவும் சரி."

"எல்லாம் சரியாத்தானே சார் கீது?"

"இனிமேதான்யா இருக்கு. மூணு மணிக்குக் கிளம்பி அஞ்சே முக்காலுக்கு இறங்கினா எவ்வளவு நேரம்?"

மாசிலாமணி விரல் விட்டான். "ரெண்டே முக்கால்."

"பறந்தது ஒண்ணே முக்கால். நடுவில ஒரு மணி நேரம் எங்கே போச்சு?"

"டீ குடிக்க எறங்கியிருப்பாங்க."

"ஆகாசத்துல ஏதுய்யா டீக்கடை? பொய்! கணக்கு உதைக்குது. காதர் அகப்பட்டான்." கங்காதரன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இருந்தாலும் அங்கே போய்வந்த ஒருத்தர் வாயால இதை உறுதிப்படுத்திக்கணும். பாஷாவோட முதலாளி அடையாறுல இருக்கார்."

முதலாளி ஹபீபுர் ரஹ்மான் அறுபது வயதிலும் நிமிர்ந்து உட்காரும் மனிதர். வந்த காரணத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார். பாஷா போன வருஷம் ஜனவரியில் அக்ராவிலிருந்தே வேலையை விட்டுவிட்டாராம். சொந்தமாக வியாபாரம் செய்யப் போவதாக ஒரு கடிதம் மட்டும் வந்ததாம். அதற்குப் பிறகு அவர் இருந்தாரா செத்தாரா என்பது ரஹ்மானுக்கும் தெரியாது.

கங்காதரன் தமது ஒரு மணி நேரத்தை எடுத்துப் பெருமையோடு மேஜைமேல் வைத்தார். ரஹ்மான் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அது எங்கேயும் போகல தம்பி. அக்ராவுல லண்டன் மணி. லாகோஸ் அதுக்கு ஒரு மணி முந்தி. எறங்கினதும் கைக்கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளணும். மொத தடவை நான் தள்ளாம விட்டு, ஒரு பெரிய வியாபாரியை ஒரு மணி நேரம் வெயில்ல காக்க வெச்சுட்டேன். மூணு மணிக்குக் கெளம்பினா அங்க அஞ்சே முக்கால்தான். பறக்கறது ஒண்ணே முக்கால் மணி. பிசகே இல்ல."

கங்காதரனின் முகத்தில் மீசை மட்டும்தான் பழைய இடத்தில் இருந்தது.

ரஹ்மானுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். "நல்ல பிரயாணம் தம்பி. எப்பவாவது போனா, லாகோஸ் போறப்ப வலது கைப்பக்கத்து ஜன்னலாப் பாத்து உக்காருங்க. வழி பூராவும் கடல் கூடவே வரும்."

"ஜன்னல் பக்கம் எனக்கு ஆவாதுங்க," என்றான் மாசிலாமணி. "கடலப் பாத்தாலே வாந்தி."

அடையாறு பாலத்தருகே பஸ்ஸுக்கு நிற்கும்போது கங்காதரன் மேல்துண்டை இரண்டு தடவை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தோற்ற கணக்கிலிருந்தும் ஒரு பெருமையைப் பிழிந்தெடுக்கத் தெரிந்தவர் அவர்.

"யோசிச்சுப் பாரு மாசிலா. பொய் சொல்றவன் கணக்கு உதைக்காத மாதிரி சொல்லுவான். மூணுக்குக் கிளம்பி நாலே முக்காலுக்கு இறங்கினோம்பான். இவன் சொன்னது தப்பு மாதிரி தெரியுது, விசாரிச்சா சரியா இருக்கு. அது அங்கே போய்வந்தவன் வாயிலிருந்துதான் வரும். காதர் சொன்னது நிஜம். பாஷா செத்தது நிஜம்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ மயிலாப்பூருக்குப் போய் அந்தம்மாகிட்ட சொல்லிடு."

"நானா?"

"பக்குவமாச் சொல்லு. எனக்கு வேற ஜோலி இருக்கு."

வேறு ஜோலி என்னவென்று மாசிலாமணிக்குத் தெரியும்: ஒரு பெண் அழுவதைப் பார்க்காமல் இருப்பது. பஸ் ஏறாமல் கரையோரமாகவே வடக்கே நடந்தான். மயிலாப்பூர் எவ்வளவு தாமதமாக வந்தாலும் தேவலை என்றிருந்தது. அந்தப் பெண் அழுகை வரவில்லை என்று சொன்னது மனசைப் பிசைந்தது. இவன் போய்ச் சொன்னால் வந்துவிடும். வந்தால் வெள்ளிக்கிழமை நிக்காஹ். எல்லாம் ஒழுங்காக முடியும். ஆனாலும் கால் தானாகக் குப்பத்துப் பக்கம் திரும்பியது.

பட்டினப்பாக்கத்தில் அவன் அக்கா குப்பம்மா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும், "இன்னாடா, எவன் செத்தான்?" என்றாள்.

"அதத்தான்க்கா நாள் பூரா கேட்டுக்கினு கீறேன்." மணலில் உட்கார்ந்தான். "ஆமா, காதுக்குப் பின்னால செவப்பா பவுடர் ஒட்டிக்கினு இருந்தா அது வேர்க்குருப் பவுடரா?"

"வேர்க்குருப் பவுடர் வெள்ளையாத்தானடா இருக்கும்? கோடம்பாக்கத்துல ஷூட்டிங் கொட்டாய்க்கு நான் மீன் போடறேன் இல்ல, அங்க ஆடறவன் பாடறவன் எல்லாம் மூஞ்சியக் கழுவுவானுங்க, காதுக்குப் பின்னால உட்டுடுவானுங்க. ராசா வேசம் போட்டவன் அப்டியே வந்து நெத்திலி கேப்பான்."

மாசிலாமணி நிமிர்ந்தான். சொல்ல வாயெடுத்தவன், எதிரே பார்த்து அப்படியே நிறுத்திவிட்டான்.

பொழுது சாய்ந்துவிட்டது. வலைக்காரர்களிடம் மீன் எடுக்க வந்த இரண்டு பாய்மார்கள் மணலில் துண்டை விரித்துத் தொழுதுகொண்டிருந்தார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கடல். எதிரே குப்பத்துக் கூரைகளுக்கு அப்பால் சூரியன் விழுந்த சிவப்பு, நேராக அவர்கள் முகத்தில் அடித்தது.

காதர் பாய் சொன்னது இந்த இடத்தைத்தான். ஒரு மணல் துகள்கூட மாறவில்லை.

"வலது கை ஜன்னலு," என்று முணுமுணுத்தான் மாசிலாமணி.

"இன்னாடா உளர்றே?"

"கெழக்கால போற ப்ளேன்ல வலது கைன்னா எந்தப் பக்கம்க்கா?"

"கட்டுமரம்னாலும் ப்ளேன்னாலும் வலது கை தெக்காலதான்டா. மீன்காரன் புள்ளைக்கு இது தெரியலையா?"

"தெரியும்க்கா," என்றான் மாசிலாமணி. "காதர் பாய்க்குத்தான் தெரியல."

அன்று மயிலாப்பூருக்குச் செய்தி போகவில்லை. மறுநாள் காலையில் சகினாவே அண்ணனோடு தி. நகர் மாடிக்கு வந்துவிட்டாள். வெள்ளைத் துப்பட்டிக்குள் முகம் மட்டும் தெரிந்தது, இருபத்தாறு வயதிருக்கும். கங்காதரன் துக்கம் சொல்வதற்கென்று வைத்திருந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் மாசிலாமணி பூகோள உருண்டையைத் தூக்கி வந்து அவர்கள் முன்னால் வைத்தான்.

"சார், ஒரு நிமிசம். அம்மா, கடலுக்கு முதுகு காட்டி, சூரியன் விழற பக்கமாப் பாத்துத் தொழுதோம்னு காதர் பாய் சொன்னாரே?"

"ஆமாம்," என்றாள் சகினா.

"நம்ம ஊர்ல அப்டித்தான். கடல் கெழக்கால கீது, நீங்க மேக்கால பாத்துத் தொழுறீங்க. அந்த ஊர்ல பாருங்க." விரலால் கரையோரத்தைத் தடவினான். "அக்ராவுலயும் கடல் தெக்கால. லாகோஸ்லயும் தெக்கால. கடலுக்கு முதுகு காட்டினா வடக்கத்தான் பாக்க முடியும். அப்பால, மக்கா எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. நீங்களே பாத்து சொல்லுங்க."

நூலைச் சகினாதான் வாங்கினாள். ஒரு முனையை லாகோஸில் வைத்து, மறுமுனையை மெதுவாக இழுத்தாள். நூல் வலப்பக்கம் போயிற்று. ஆப்பிரிக்கா முழுவதையும் தாண்டி, செங்கடலைத் தாண்டி, மக்காவில் நின்றது.

"கிழக்கு," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "சூரியன் விழற பக்கம் இல்ல. உதிக்கற பக்கம்."

ஷாஹுல் ஹமீது உருண்டையை உற்றுப் பார்த்தார். நெற்றி வியர்த்துவிட்டது. "எந்த ஊருக்குப் போனாலும் ஒரு முஸ்லிம் மொதல்ல விசாரிக்கறது, தொழற திசை, கிப்லா, எந்தப் பக்கம்னுதான். சோறு அப்புறம்தான். இதுல ஒருத்தன் தப்புப் பண்ண மாட்டான். காதர் அந்த ஊருக்கே போகல!"

"போகாதவனுக்கு மணிக்கணக்கு எப்படித் தெரிஞ்சது?" கங்காதரன் நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரு நொடியில் துக்க முகம் கழன்று, பழைய முகம் வந்திருந்தது. இதுதான் அவரிடம் மாசிலாமணிக்குப் பிடித்த குணம். ஓட ஆரம்பித்த குதிரையில் எங்கிருந்தாலும் ஏறிக்கொள்வார். "ஒரு மணி நேரம் கடிகாரத்தைத் தள்ளணும்கிற விஷயம் போனவனுக்குத்தான் தெரியும். திசை தெரியாதது போகாதவனுக்கு. அப்போ கணக்கு ஒருத்தனோடது, வாய் இன்னொருத்தனோடது. அக்ராவிலிருந்து லாகோஸுக்கு நிஜமாப் பறந்த ஒருத்தன், போகாத ஒருத்தனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கான். பாஷாவோட தொப்பியையும் கொடுத்து, கடிதங்களையும் கொடுத்து..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லாமலே சகினாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் சந்தோஷம் வருமா என்று மாசிலாமணி பார்த்தான். வரவில்லை. நூலை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனி வெளுத்துப்போயிற்று.

"காதுக்குப் பின்னால பூச்சு," என்று மாசிலாமணி நினைவுபடுத்தினான். "கோடம்பாக்கம் சார்."

"வேர்க்குருப் பவுடர் இல்லேன்னு நான் அப்பவே நினைச்சேன்," என்றார் கங்காதரன்.

"நானும் வர்றேன்," என்றாள் சகினா. அண்ணன் தடுக்கப் பார்த்தார். அவள் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

கோடம்பாக்கத்தில் குப்பம்மா மீன் போடும் அந்த ஸ்டுடியோ பெரியதொன்றும் இல்லை. ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஆப்பிரிக்கா. ஏதோ காட்டுப் படமாம். தென்னங்கீற்றில் பத்துப் பன்னிரண்டு குடிசைகள், அட்டையில் ஒரு யானை, திரைச்சீலையில் ஒரு சூரியன். வாசலருகே பெஞ்சில் உட்கார்ந்து, பாதி முகத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த மந்திரி வேஷக்காரர் இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பூசாத பாதி முகம் வெளுத்ததில், அது காதர் பாய்தான் என்பது நன்றாகத் தெரிந்தது. மாசிலாமணி அவர் தோளில் கை போட்டு, "குந்து நைனா, உன் சீனு முடிஞ்சுபோச்சு," என்று மறுபடி உட்கார வைத்தான்.

கங்காதரன் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கொட்டகையின் நடுவில் போய் நின்று, ஊருக்கே கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"ஐயா, இங்கே யாருக்காவது தெரியுமா? அக்ராவிலிருந்து லாகோஸுக்கு ஏரோப்ளேனில் போக நாலு மணி நேரமாகும்னு ஒருத்தர் பந்தயம் கட்டறார். சரிதானா?"

"நாலு மணியா? எவன் சொன்னான்?"

குரல் மேலேயிருந்து வந்தது. ஏணி உச்சியில், தலையில் வட்டத் தொப்பியோடு, திரைச்சீலைச் சூரியனை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசினார்.

"இருநூத்தம்பது மைல்தான்யா! ஒண்ணே முக்கால் மணி நேரம். எறங்கினதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளணும், அதுகூடத் தெரியாம என்ன பந்தயம்? நான் போயிருக்கேன்ல!"

"அவருதாங்க எங்க ஆப்பிரிக்கா மாஸ்டர்," என்றான் பக்கத்தில் நின்ற தச்சன் பெருமையாக. "எல்லாம் கரெக்டா சொல்லுவாரு."

மாஸ்டர் பாராட்டை வாங்கிக்கொள்ளத் திரும்பினார். கீழே வெள்ளைத் துப்பட்டியைப் பார்த்தார். கையிலிருந்த கயிறு நழுவியது. சூரியன் சரசரவென்று இறங்கி யானைமேல் விழுந்தது.

ஏணியிலிருந்து இறங்க மெஹபூப் பாஷாவுக்கு வெகு நேரம் பிடித்தது. அதற்குள் காதர் பாய் கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பாஷா ஆரம்பித்த சொந்த வியாபாரம் இரண்டே மாதத்தில் படுத்துவிட்டது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு, கப்பலிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்தார். ஆப்பிரிக்கா தெரிந்த ஆள் என்று மரியாதை கிடைத்தது. செட் போடுகிற காண்டிராக்டர் தம் மகளைக் கொடுக்கவும் முன்வந்தார். தனிக்கட்டை என்று இவர் சொன்னதை நம்பித்தான். வீட்டிலிருந்து யாரும் தேடி வந்து அதைக் கெடுத்துவிடாமல் இருக்கத்தான் இந்தச் சாவு.

"மைலு, மணி எல்லாம் அவர்தாங்க எழுதிக் குடுத்தாரு," என்று கைகூப்பினார் காதர் பாய். "காய்ச்சல்ல போயிட்டாருன்னு மட்டும் சொல்லச் சொன்னாரு. தொழுகை, சஜ்தா, அதெல்லாம் நான் போட்டது. வெறுமனே செத்தா எடுப்பா இல்லியேன்னு..."

பாஷா கீழே வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தார். "சகினா, வரணும்னுதான் இருந்தேன். இன்னிக்கு, நாளைக்குன்னு நாள் ஓடிப்போச்சு. வேலை வேற, தூரம் வேற..."

சகினா அவரை விட்டு மாசிலாமணி பக்கம் திரும்பினாள். "அண்ணே, மயிலாப்பூர்லேர்ந்து இங்க எத்தனை மைல்?"

"நாலும்மா. பஸ்ல அரை மணி."

"இருநூத்தம்பது மைலை ரெண்டு மணி நேரத்துக்குள்ள தாண்டினவங்க," என்றாள் சகினா. "நாலு மைலுக்கு ஒரு வருஷம் பத்தல."

பாஷா கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷாஹுல் ஹமீது பாய்ந்து அவர் சட்டையைப் பிடிக்கப் போனார். சகினா கையை நீட்டி அண்ணனை நிறுத்தினாள்.

"வேணாம்ண்ணே. என்னைப் புடிக்கலேன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுக்குச் சொந்த வாய் வேணும், அதான் சாகப் பாத்தாங்க. சாகறதுக்கு இன்னொருத்தர் வாய் போதும்." இப்போது அவள் நேராகப் பாஷாவைப் பார்த்தாள். "நீங்க செத்தது காதர் பாய் வாயால. கடைசியாத் தொழுததும் அவர் தயவுல. நீங்க எழுதிக் குடுத்த சாவுல அதுகூட இல்ல. தலாக்கையாவது உங்க வாயால சொல்லுங்க. நாளைக்குப் பள்ளிவாசலுக்கு வாங்க, ஜமாஅத் முன்னால. வழி மறந்திருந்தா, காதர் பாயைக் கூட்டிக்கிட்டு வாங்க."

திரும்பி நடந்தாள். மாசிலாமணி அட்டை யானையை ஒதுக்கி அவளுக்கு வழிவிட்டான்.

நால்வரும் பஸ் ஏறினார்கள். பேச்சைக் கங்காதரன்தான் ஆரம்பித்தார்; வழக்கை ஜெயித்த மனிதர் எவ்வளவு நேரம் சும்மா இருப்பார்? "வெள்ளிக்கிழமை நிக்காஹ் நின்னுபோச்சேம்மா. அதுதான் வருத்தம்."

"பரவால்ல சார். தலாக் சொன்னா மூணு மாசம் இத்தா. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "காத்திருந்து பழக்கம்தான்."

பனகல் பார்க் தாண்டியதும் அவள் துப்பட்டியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். தோள் குலுங்கியது. செத்தவருக்காக வராத அழுகை, உயிரோடு இருப்பவருக்காக வந்துவிட்டது. காதர் பாய் அழுத அழுகை மாதிரி அதில் ஒரு கோர்வையும் இல்லை. திக்கியது, நின்றது, இடம் தெரியாமல் மறுபடி ஆரம்பித்தது. மாசிலாமணிக்குக் கண் கலங்கிற்று. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோது, "மயிலாப்பூர்" என்று சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.